படைப்பும் தொழிலே

வயிற்றுக்கு உணவும் மனத்துக்கு உகந்த பணியும் ஒரே இடத்தில் கிட்டுவது மிகச் சிலருக்கே வாய்க்கும் பேறு. ஏனையோர் இவ்விரண்டில் ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னுமாக நிறுத்தியே வாழ்க்கையை நடத்த வேண்டியிருக்கிறது. கல்வி முடித்து, நிலையான வேலையில் அமர்ந்து, மாதந்தோறும் சம்பளம் தவறாமல் வரும் என்ற உறுதியோடு வாழும் ஓர் இளைஞர், எழுத்தையோ இசையையோ ஓவியத்தையோ நாடகத்தையோ முழுநேரத் தொழிலாக ஏற்கலாமா என்று வினவும்போது, அவ்வினா அவரை மட்டுமே பற்றியதாகத் தோன்றும். ஆயினும், ஒரு மொழிச் சமூகம் தன் படைப்பாளிகளுக்கு எத்தகைய கடன் பட்டிருக்கிறது என்ற பெருவினாவும் அதனுள் அடங்கியிருக்கிறது. முன்னதற்கு விடை சொல்லப் பலரும் முன்வருகின்றனர். பின்னதை எழுப்புவோர் அரியர். இரண்டையும் ஒருசேர ஆராய்வதே முறை.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நன்று. பொருள் தேடுதல் இழிவு, கலை மட்டுமே உயர்வு என்ற பாகுபாடு தமிழ் மரபுக்கு உரியதன்று. அறத்துக்கும் இன்பத்துக்கும் இடையே பொருளை வைத்துப் பாடிய வள்ளுவர், பொருள் செயல்வகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், நல்குரவின் கொடுமைக்கும் இரவச்சத்துக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். வறுமை மனிதனின் சொல்லை மெலியச் செய்யும் என்பதையும், பிறரிடம் கையேந்தும் நிலை மானத்தை அரிக்கும் என்பதையும் அறிந்த மரபு இது. ஆகவே, வேலையை விடத் தயங்கும் இளைஞரைக் கோழை என்று பழிப்பதும், விட்டுவிட்டவரைப் பித்தர் என்று இகழ்வதும் ஒருங்கே தவறாகும்.

சங்கப் புலவர்களின் பெயர்களை நோக்கினால் இவ்வுண்மை இன்னும் துலங்கும். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். கூலவாணிகன் சாத்தனார் தானியம் விற்றவர். உறையூர் மருத்துவன் தாமோதரனார் நோய் தீர்த்தவர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் பொன்வேலை செய்தவர். தம் தொழிலைப் பெயரிலேயே தாங்கிநின்ற இவர்களின் பாடல்களை, தொழில் செய்தார்கள் என்பதற்காகத் தொகுத்தோர் எவரும் விலக்கவில்லை. மற்றொரு புறம், பாடுவதையே வாழ்வாகக் கொண்டு, பரிசிலை நம்பி நெடுவழி நடந்த பாணரும் பொருநரும் கூத்தரும் இருந்தனர். அவர்களுக்கென ஆற்றுப்படை என்றொரு வகையே தோன்றியது. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் கலைஞனை நிறுத்தி, எந்த வழியே செல்ல வேண்டும், எவரைக் காண வேண்டும், என்ன கிடைக்கும் என்றெல்லாம் விரித்துரைப்பது அதன் அமைப்பு. கலைக்கு ஊதியம் உண்டு என்பதையும், அவ்வூதியம் கிடைக்கும் இடத்தைச் சக கலைஞனிடம் மறைக்காமல் சொல்லுவது கடமை என்பதையும் இலக்கிய வகையாகவே ஆக்கிவைத்த சமூகம் நம்முடையது.

இந்த இரு வழிகளும் கடந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தன. தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்து, பின் வானொலியில் பணியாற்றியவாறே தம் நாவல்களைப் படைத்தார். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் துணிக்கடை நடத்தினார். கி. ராஜநாராயணன் இடைசெவலில் உழவராய் வாழ்ந்தபடியே கரிசல் மண்ணின் பேச்சை எழுத்தாக்கினார். வண்ணதாசன் வங்கியில் பணிபுரிந்தார். இவர்களின் எழுத்தில் குறைவு ஏதும் காண்பதற்கில்லை. வேலை அவர்களுக்குச் சோறிட்டதோடு, மனிதர்களை அருகிலிருந்து காணும் வாய்ப்பையும் தந்தது. எனினும், அவ்வேலை கொண்ட விலையையும் மறைத்தல் ஆகாது. பகலெல்லாம் அலுவலகத்துக்கு ஈந்து, இரவின் எச்சத்தில் எழுதியவர்கள் எழுதாமல் விட்ட நூல்கள் எத்தனை என்பதை எவராலும் கணக்கிட இயலாது. நிலையான வேலை படைப்பாளியைக் காக்கிறது. காத்ததற்கு ஈடாக அவருடைய சிறந்த நேரத்தை எடுத்துக்கொள்ளவும் செய்கிறது.

மறுவழி சென்றவர்களின் வரலாறு நெஞ்சைக் கனக்கச் செய்வது. கு. அழகிரிசாமி பதிவுத்துறையில் கிடைத்த எழுத்தர் பணியைத் துறந்து, எழுத்தை நாடிச் சென்னை வந்தார். இதழ்ப் பணிகளில் உழைத்து, மலேயா வரை சென்று மீண்டு, 1970-இல் தம் 47-ஆம் வயதிற்குள்ளாகவே மறைந்தார். சாகித்திய அகாதெமி விருது அவர் மறைந்த பின்னரே அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. புதுமைப்பித்தன் நாளிதழ்ப் பணியிலிருந்து விலகியபின் திரைத்துறையில் பொருள் தேடினார். ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுதப் புனே சென்றவர், காசநோயுற்றுத் திரும்பி, 1948-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் 42 வயதில் உயிர் நீத்தார். அசோகமித்திரன் ஜெமினி படப்பிடிப்பு நிலையத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றி, 1966-இல் அதனின்று விலகி முழுநேர எழுத்தை மேற்கொண்டார். சாகித்திய அகாதெமி அவரை விருதளித்து ஏற்க, அதன்பின் 30 ஆண்டுகள் சென்றன.

இவ்வரலாறுகளுள் நம் எண்ணத்தை மிகுதியும் நிறுத்த வேண்டியது பாரதியாரின் இறுதி ஆண்டுகளாகும். எட்டயபுர அரண்மனைப் பணியை விட்டவர்; 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில திங்கள் தமிழாசிரியராக இருந்தவர்; அவ்வாண்டின் இறுதியிலேயே சென்னைக்கு வந்து ‘சுதேசமித்திரன்’ உதவி ஆசிரியரானவர். புதுவையில் பத்தாண்டுகள் ஒதுங்கி வாழ்ந்து, கடையத்தில் தங்கியிருந்த அவர், 1920-இல் ஒரு திட்டம் வகுத்தார். தம் எழுத்துகள் யாவற்றையும் 40 நூல்களாக்குவது; ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடுவது; ஆக 4,00,000 படிகளை எளிய விலையில் தமிழ்நாடெங்கும் பரப்புவது. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் விலைபோகும் என்று அவர் நம்பினார். இதற்கான முதலுக்கு நண்பர்களிடம் அவர் கொடை கேட்கவில்லை. குறைந்தது 100 ரூபாயேனும் கடனாகத் தருமாறும், அதற்கு வட்டியுடன் முறைப்படி கடன் பத்திரம் எழுதித் தருவதாகவும் சுற்றறிக்கை விடுத்தார்.

அந்தச் சுற்றறிக்கையை இன்று எண்ணிப் பார்க்கும்போது நம்மை முதலில் தாக்குவது அதில் உள்ள கணக்கு. படிகளின் எண்ணிக்கை, அச்சுச் செலவு, விளம்பரச் செலவு, எதிர்நோக்கும் ஆதாயம் என அனைத்தும் வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. உலகியல் அறியாத கவிஞர் என்று அவரைப் பற்றி நாம் வழிவழியாகப் பேசிவரும் கதைக்கு அக்கணக்கு இடம் தரவில்லை. தம் படைப்பைத் தொழிலாகவே கருதி, முதலும் கடனும் வட்டியும் விற்பனையும் சேர்ந்த முழுத் திட்டத்தோடு அவர் தமிழரை அணுகினார், தமிழர் முன்வரவில்லை. திட்டம் நிறைவேறாத நிலையில், அவ்வாண்டின் பிற்பகுதியில் மீண்டும் ‘சுதேசமித்திரன்’ அலுவலகத்துக்கே திரும்பினார். 1921 செப்டம்பரில் மறைந்தார். அவர் எழுத்தை நூலாக்கும் பொறுப்பை ஏற்று முதலில் உழைத்தவர் அவருடைய மனைவி செல்லம்மாள். 1949-இல் அவருடைய படைப்புகளின் உரிமையை அரசு பெற்றது. உயிரோடு இருந்தவர் கடனாகக் கேட்ட 100 ரூபாயைத் தராத சமூகம், அவர் மறைந்து ஒரு தலைமுறை கழிந்தபின் அவரைப் பொதுச்சொத்து என்று அறிவித்துப் பெருமை கொண்டது.

இங்கேதான் நம் சமூகத்தின் ஆழ்ந்த குறை வெளிப்படுகிறது. படைப்பாளியின் வறுமையை நாம் தியாகம் என்று பெயரிட்டுப் போற்றுகிறோம். தியாகம் என்பது ஒருவர் தாமே முன்வந்து ஈவது. தர வேண்டிய ஊதியத்தைத் தராமல் விட்டு, அதனால் விளைந்த பட்டினியை அவர் விரும்பி ஏற்ற நோன்பாகப் புகழ்வது அறமாகாது. இப்புகழ்ச்சி, கேட்பதற்கு இனிதாக இருந்தபோதிலும், கொடுக்க வேண்டியவர்களைக் கடமையிலிருந்து விடுவித்துவிடுகிறது. கலைஞர் காசுக்கு ஆசைப்படலாகாது என்று உபதேசிப்பவர், அச்சகத்தாருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல் போட்டவருக்கும் உரிய கூலியை மறுக்காமல் கொடுக்கிறார்; மேடையில் பாடியவருக்கும் நூலை எழுதியவருக்கும் பொன்னாடையோடு நிறுத்திக்கொள்கிறார். உழைப்பில் ஒரு வகைக்கு மட்டும் கூலி இல்லை என்ற நியாயத்தை எந்த அறநூலும் வகுத்ததில்லை.

காலம் கடந்து அளிக்கும் சிறப்பு இக்குறையை ஈடுசெய்துவிடாது. புதுமைப்பித்தன் படைப்புகளை அரசு நாட்டுடைமையாக்கியது 2002-இல்; அவர் மறைந்து 54 ஆண்டுகளுக்குப் பின். நாட்டுடைமைத் திட்டம் நல்லதே. அதனால் நூல்கள் பரவுகின்றன; மரபுரிமையர்க்குத் தொகையும் கிடைக்கிறது. ஆனால், அத்தொகை எழுதியவரின் இருமலுக்கு மருந்து வாங்கவில்லை. உப்பளத் தொழிலாளரிடமும் மீனவரிடமும் நேரில் சென்று அறிந்து நாவல்கள் எழுதிய ராஜம் கிருஷ்ணன், 1973-லேயே சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவருடைய முதுமையின் இறுதி ஆண்டுகள் ஆதரவற்றோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் கழிந்தன. விருது ஒருவரை உயர்த்தும். தாங்கி நிற்பது ஊதியம் ஒன்றே.

இத்துடன் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆடவர் ஒருவர் வேலையை விட்டுக் கலையை நாடும்போது, அடுப்பை அணையாமல் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் மனைவியின் தோளில் இறங்குகிறது. வரலாறு அவர் பெயரைக் குறிப்பதில்லை. பெண் ஒருவருக்கோ, விடுவதா தொடர்வதா என்று எண்ணிப் பார்க்கும் உரிமைகூட எளிதில் கிட்டுவதில்லை. வேலையையும் வீட்டையும் முடித்தபின் எஞ்சும் நேரமே அவருடைய கலைக்கு உரியதாகிறது. ஆகவே, முழுநேரப் படைப்புக்குச் செல்ல விரும்புவோர், யாருடைய உழைப்பின்மீது தாம் நிற்கப்போகிறோம் என்பதை வீட்டாரோடு வெளிப்படையாகப் பேசி, அவர்தம் உடன்பாட்டைப் பெற்றபின் செல்வதே அறநெறி.

பெற்ற கடனை உரிய காலத்தில் செலுத்தும் நிறுவனங்கள் இருந்தால் என்ன நிகழும் என்பதற்கும் நம் மண்ணிலேயே சான்று உண்டு. கணிதமும் படைப்பே என்று கொள்வோமாயின், சீனிவாச ராமானுஜனின் வரலாறு இங்குப் பொருந்தும். பட்டம் பெறாத அவர், 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்திலேயே, ஆண்டுக்கு 20 பவுன் மட்டும் பெறும் கணக்குப் பிரிவு எழுத்தர் என்றுதான் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். அந்த அலுவலகம் அவரைக் கோப்புகளுக்குள் புதைத்துவிடவில்லை. மேலதிகாரியாய் இருந்த நாராயண ஐயர் தாமே கணிதம் பயின்றவர். ஊழியரின் திறமையை உணர்ந்து, கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். 1913 மே மாதம் முதல், பட்டம் இல்லை என்ற தடையைப் பொருட்படுத்தாமல், சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. மூன்று மாதங்களுக்கு ஒரு முறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது கட்டளை. முன்பு பெற்றதினும் இரு மடங்குக்கு மேற்பட்ட ஊதியம், குறித்த காலம், தெளிவான பொறுப்பு: இம்மூன்றும் அமைந்தபோது, நிலையான வேலையா நெஞ்சின் நாட்டமா என்ற போராட்டமே அங்கு எழவில்லை.

அண்டை மாநிலத்தின் முன்மாதிரியும் எண்ணத்தக்கது. 1945-இல் கோட்டயத்தில், எம்.பி. பால், காரூர் நீலகண்ட பிள்ளை முதலிய எழுத்தாளர் 12 பேர் கூடிச் சாகித்தியப் பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். நூலை எழுதுவோரே பதிப்பாளரும் ஆயினர். விலையில் நூற்றுக்கு 30 பங்கை எழுதியவருக்கே உரிமைத்தொகையாக அளிக்கும் நிலைக்கு அது உயர்ந்தது. மலையாள எழுத்தாளர்கள் பலர் எழுத்தின் வருவாயைக் கொண்டே மதிப்புடன் வாழ முடிந்ததற்கு அச்சங்கம் இட்ட அடித்தளம் பெரிது. இந்திய நாடாளுமன்றமும் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, திரைப்பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமைத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையைக் கைமாற்ற இயலாததாக ஆக்கியது. அயர்லாந்து அரசு 2022-இல் கலைஞர் 2,000 பேருக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானமாக வழங்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. கலைஞரின் வாழ்வு விதியின் கையில் உள்ளது என்ற கூற்றை இவை பொய்ப்பிக்கின்றன. விதியாகத் தோன்றுவது பெரும்பாலும் ஏற்பாடு இன்மையே.

ஆகவே, கடமைகளை அவரவர்க்கு உரியவாறு பகுத்துரைக்க விரும்புகிறோம். பதிப்பாளர்கள் எழுத்து வடிவிலான ஒப்பந்தமின்றி எந்த நூலையும் அச்சேற்றலாகாது. எத்தனை படிகள் அச்சாயின, எத்தனை விற்றன என்ற கணக்கை ஆண்டுதோறும், கேட்கும் முன்பே, எழுதியவருக்கு அனுப்ப வேண்டும். விழா நடத்துவோர் அழைப்பிதழ் அச்சிடும் முன்பே கலைஞரின் ஊதியத்தை உறுதிசெய்ய வேண்டும். விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவதாக 1948-இல் பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. சொத்துவரியோடு மக்கள் செலுத்தும் நூலக வரி, காலந்தாழ்த்தாத நூல் கொள்முதலாக மாறி, எழுதியவரின் கைக்கு உரிமைத்தொகையாகச் சென்று சேர்வதை அரசு உறுதிசெய்ய வேண்டும். அலுவலகங்கள், படைப்புத்திறன் கொண்ட ஊழியரை ஐயத்தோடு நோக்காமல், குறித்த காலத்துக்கு ஊதியமற்ற விடுப்பேனும் அளித்து, திரும்பி வரும் வாயிலைத் திறந்து வைக்கலாம். மூத்த கலைஞர்கள், எந்தப் பணிக்கு என்ன ஊதியம், எந்த ஒப்பந்தத்தில் என்ன இடர் என்பதை இளையவர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்; ஆற்றுப்படை பாடிய மரபினர்க்கு இது புதிய கடமை ஆகாது. வாசகரும் சுவைஞரும், தாம் விரும்பிப் படிக்கும் நூலைத் திருட்டுப் படியாகப் பகிர்வது, அந்நூலை எழுதியவரின் சம்பளத்தைப் பறிப்பதற்கு ஒப்பாகும் என்பதை உணர வேண்டும்.

இளைஞர்க்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. வேலையை விடுவதனாலேயே எவரும் கலைஞர் ஆகிவிடுவதில்லை. வேலையில் இருக்கும்போதே நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் பயிற்சிக்கு ஒதுக்க இயலாதவர், நாள் முழுதும் கிடைத்தால் அதைச் செவ்வனே பயன்படுத்துவார் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை. கடன் தீர்ந்ததா, பெற்றோரின் மருத்துவத்துக்கு வழி உண்டா, வருவாயின்றி எத்தனை மாதங்கள் குடும்பம் நிற்கும், அறிமுகம் இல்லாத ஒருவர் இதுவரை நம் படைப்பைப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறாரா என்ற வினாக்களுக்குத் தாளில் விடை எழுதிப் பார்க்க வேண்டும். 40 நூல்களுக்கும் கணக்கிட்ட பாரதியார் இதில் நல்ல வழிகாட்டி. விடைகள் இசைந்தால், உலகம் பழிக்குமே என்று அஞ்சாமல் செல்லலாம். இசையாவிடின், வேலையில் இருந்தபடியே படைப்பதில் தாழ்வு ஏதும் இல்லை. சென்று பார்த்துத் திரும்ப நேரிட்டாலும் அதனைத் தோல்வியாகக் கொள்ள வேண்டுவதில்லை, பாரதியாரும் திரும்பினார்.

பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. அவர்கள் கண்ட கலைஞர்களின் முதுமை அவ்வச்சத்தைத் தந்தது. அதனை அறிவுரையால் போக்க முடியாது. கலைஞரின் வாழ்நிலை மாறினாலன்றி அது நீங்காது. எனவே, பொறுப்பின் பெரும்பகுதியை, முடிவெடுக்கத் தவிக்கும் இளைஞரின் தலைமீது சுமத்திவிட்டு ஒதுங்கும் வழக்கத்தைச் சமூகம் கைவிட வேண்டும். துணிவை அவரிடம் எதிர்பார்க்கும் உரிமை, கூலியைத் தவறாமல் கொடுப்பவர்க்கே உண்டு. எழுதியவருக்கும் பாடியவருக்கும் வரைந்தவருக்கும் நடித்தவருக்கும், உழைத்த அந்த மாதத்திலேயே, பேசிய தொகையைக் குறையாமல் கொடுத்துத் தீர்ப்பதிலிருந்து இம்மாற்றம் தொடங்கட்டும். மணிமண்டபங்களும் நூற்றாண்டு விழாக்களும் அதற்குப் பின்னர் வரலாம்.